மூச்சுக்கு இடம் தேடிய டாக்டர்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்த ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். குரோம்பேட்டை தாண்டியதும் வரும். அதற்கு அடுத்தது தாம்பரம். பலகையில் தாம்பரம் சானடோரியம் என்று எழுதியிருக்கும். ஜனங்கள் வாயில் வெறும் சானடோரியம். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் கல்லூரி மாணவர்களும் தினமும் அங்கே இறங்கி ஏறுகிறார்கள். சானடோரியம் என்றால் என்ன, அதை யார் வைத்தார் என்று கேட்பவர் அநேகமாக இல்லை.

ஒரு ஆஸ்பத்திரி ஓர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது! அந்த ஆஸ்பத்திரியை ஏற்படுத்தியவர் பெயரோ மறைந்து போயிற்று. அவர்தான் டாக்டர் சௌரி முத்து. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வெள்ளைக்காரர்கள் தேடிப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்ட நுரையீரல் நிபுணர். அறுபது வயதைத் தாண்டியபின் செங்கல்பட்டு ஜில்லாவின் பச்சைமலை அடிவாரத்துக்கு வந்து, பன்னிரண்டு படுக்கைகளைப் போட்டு உட்கார்ந்தவர்.

மருந்து இல்லாத வியாதி

டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து என்பது அவருடைய முழுப் பெயர். 1864-ல் பிறந்தவர். கிறிஸ்தவர். மருத்துவம் படிக்கச் சீமைக்குப் போனார். படித்து முடித்தபின் அங்கேயே தங்கித் தொழில் நடத்தினார். ஆங்கிலப் பெண்மணி ஒருவரை மணந்தார்.

அவர் தேர்ந்தெடுத்த துறை க்ஷயரோகம். காசநோய் என்றும் எலும்புருக்கி என்றும் நாம் சொல்லும் வியாதி. அந்நாளில் இந்தத் துறைக்கு வர மனத் துணிவு வேண்டும். ஏனென்றால் அதற்கு மருந்து கிடையாது.

1882-ல் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் க்ஷயத்தை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார். உலகமே ஆரவாரம் செய்தது. எட்டு வருஷம் கழித்து, 1890-ல், நோயைக் குணப்படுத்தும் பொருளும் கிடைத்துவிட்டது என்று அவரே அறிவித்தார். நோயாளிகள் பெர்லின் நகரத்துக்கு ஓடினார்கள். ஆனால் அந்த ட்யூபர்குலின் யாரையும் குணப்படுத்தவில்லை. திருடன் யார் என்று தெரிந்துவிட்டது; அவனைப் பிடிக்கத்தான் வழி தெரியவில்லை.

அப்போது டாக்டர்கள் கையில் இருந்த ஒரே சாதனம் சானடோரியம். ஜெர்மனியில் பிரெமர் என்ற டாக்டர் 1850-களில் மலைக்காட்டில் ஒரு விடுதி வைத்து நோயாளிகளைத் தங்கச் செய்தார். சுத்தமான காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு, கொஞ்சம் கொஞ்சமாக நடை. சிலர் தேறினார்கள். முறை பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் இங்கிலாந்தின் குன்றுகளிலும் கடற்கரைகளிலும் சானடோரியங்கள் முளைத்தன. அவற்றில் பணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சௌரி முத்து. முதலில் வைட் தீவில் ஒரு சானடோரியம். பிறகு சாமர்செட் ஜில்லாவில், வெல்ஸ் நகரத்தை அடுத்த மெண்டிப் குன்றுகளில் அவருடைய சொந்தப் பொறுப்பில் ஒன்று.

வெள்ளைக்கார நாட்டில், வெள்ளைக்கார நோயாளிகளுக்கு, ஒரு கறுப்பு டாக்டர் தலைமை வைத்தியர்! அந்தக் காலத்தில் இது சாமானிய விஷயமல்ல. சென்னையில் அப்போது பெரிய உத்தியோகங்களில் பெரும்பாலும் துரைமார்கள்தான் இருந்தார்கள்.

சாயங்கால ஜுரம்

மருந்தே இல்லாமல் ஒரு டாக்டர் என்ன செய்துவிட முடியும்? இதைப் புரிந்துகொள்ள க்ஷயத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நேராக வந்து ஆளைக் கொண்டுபோகும் வியாதி அல்ல. வரும், அடங்கும், மறுபடி தலைதூக்கும். கிருமி நுரையீரலில் புகுந்ததும் தேகம் அதைச் சுற்றித் தழும்பினால் சுவர் எழுப்பிச் சிறைவைக்கிறது. நோயாளி தேறிவிட்டதாக நினைக்கிறார். தேகம் இளைத்தபோது, மனம் உடைந்தபோது, பட்டினி கிடந்தபோது, சுவர் இடிகிறது. ஜுரம் திரும்புகிறது. இருமல் கூடுகிறது. சளியில் ரத்தம் வருகிறது. ஒவ்வொரு தடவை இப்படித் தலைதூக்கும்போதும் நுரையீரலில் ஒரு பாகம் கெடுகிறது. கெட்ட பாகம் திரும்பி வருவதில்லை.

ஆகவே சானடோரியத்து டாக்டரின் வேலை வைத்தியத்தைவிடக் காவல் என்றே சொல்லலாம். நோயைக் கொல்ல முடியாது. அது மறுபடி எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் தெர்மாமீட்டர் வைப்பார்கள். ஒரு டிகிரி ஏறினாலும் அந்த நோயாளி நடக்கக்கூடாது, படுக்கைக்குப் போக வேண்டும். எடையைப் பார்ப்பார்கள், ஒரு ராத்தல் குறைந்தாலும் விசாரணை. இன்று இருமல் எத்தனை, சளி எவ்வளவு, என்ன நிறம், சாப்பாடு இறங்கிற்றா, தூக்கம் வந்ததா என்று கேட்பார்கள். ஜன்னல்கள் இரவும் பகலும் திறந்தே இருக்கும். பனிக்காலத்திலும் அப்படித்தான்! துப்புவதற்கு மூடியுள்ள குவளை. கண்ட இடத்தில் துப்பினால் விடுதியை விட்டு வெளியேற்றம்.

இன்று கேட்டால் கைதிகள் வாழ்க்கை போலத் தோன்றும். ஆனால் அப்படிக் காத்ததில் பலர் சில வருஷங்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். எத்தனை பேர் சானடோரியத்தால் பிழைத்தார்கள், எத்தனை பேர் தாமாகவே பிழைத்திருப்பார்கள் என்பதை அன்று யாரும் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கு பின்னாளில் பார்க்கப்பட்டது, அதுவும் சென்னையிலேயே! அதைப் பின்னால் காண்போம்.

கப்பலில் கணித மேதை

1914 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெவாசா என்ற கப்பல் புறப்பட்டது. அதில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் முதல் தடவையாகக் கடல் கடந்து போனார். குடுமியை எடுத்துவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டு, மரக்கறி கிடைக்குமா என்ற கவலையோடு போன அந்த இளைஞர்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். அதே கப்பலில் இங்கிலாந்துக்குப் பிரயாணம் செய்தவர்களில் டாக்டர் சௌரி முத்துவும் ஒருவர். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

மூன்று வருஷம் கழித்து இந்தப் பழக்கம் துன்பமான விதத்தில் புதுப்பிக்கப்பட்டது. 1917-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் நோய்வாய்ப்பட்டார். ஜுரம் விட்டு விட்டு வந்தது. உடல் இளைத்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மரக்கறி உணவு மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஏற்ற சாமான்கள் கிடைப்பது அரிது. அவரை மெண்டிப் குன்றுகளுக்கு அனுப்பினார்கள். கப்பலில் சகபிரயாணியாக இருந்தவர் இப்போது வைத்தியர்!

கதையாக இருந்தால் இந்த இடத்தில் நம்மூர் டாக்டர் நம்மூர் மேதையைப் பிழைக்க வைத்திருப்பார். நடந்தது அதுவல்ல. ராமானுஜன் அங்கே நெடுநாள் தங்கவில்லை. டெர்பிஷயரில் மேட்லாக் என்ற இடத்திலிருந்த வேறொரு சானடோரியத்துக்குப் போனார். 1919-ல் இந்தியா திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந்தேதி சென்னையில் காலமானார். வயது 32.

அவருக்கு வந்தது க்ஷயந்தானா என்ற சந்தேகம் பின்னால் எழுந்தது. 1994-ல் டாக்டர் யங் என்பவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஈரலைத் தாக்கிய அமீபா சீதபேதியாக இருக்கலாம் என்று எழுதினார். அது சரியானால், நுரையீரலுக்குக் கொடுத்த குளிர்காற்றும் ஓய்வும் அவருக்கு ஒரு பயனும் தந்திருக்க முடியாது. விட்டு விட்டு ஜுரம் வந்து உடல் இளைத்தவர்கள் எல்லோரையும் க்ஷயரோகிகள் என்று நினைத்த காலம் அது. இந்தத் தவறு இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

பச்சைமலை அடிவாரம்

சௌரி முத்து சும்மா இருந்து வைத்தியம் பார்த்தவர் அல்ல. பார்த்ததை எழுதினார். 1910-ல் சானடோரிய சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பத்து வருஷ அநுபவத்தின் பதிவு அது. 1922-ல் க்ஷயத்தின் காரணத்தையும் சிகிச்சையையும் பற்றி மற்றொரு பெரிய நூல். அது இருபத்திரண்டு வருஷ அநுபவம். இந்திய வைத்தியத்தின் தொன்மையைப் பற்றியும் அவர் ஆங்கிலத்தில் நூல் எழுதியதுண்டு.

கிருமி ஒன்றை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை, மனிதன் வாழும் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. காற்றோட்டமில்லாத வீடுகள், நெருக்கடி, வறுமை, போதாத ஆகாரம் இவைதான் நோய்க்கு வாசலைத் திறந்துவிடுகின்றன என்று கருதினார். இதில் அவர் கொஞ்சம் அதிகமாகவே போனார் என்று சொல்ல வேண்டும். கிருமி இல்லாமல் க்ஷயம் இல்லை. ஆனாலும் ஒரே கிருமியைச் சுவாசித்த பத்துப் பேரில் ஒருவர் மட்டும் ஏன் படுக்கிறார் என்று கேட்டால், அவர் காட்டிய பக்கம்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த எண்ணம் அவரைத் தாய்நாட்டுப் பக்கம் இழுத்தது. இங்கிலாந்தில் நோயாளிக்கு ஒரு குன்றாவது உண்டு. சென்னைச் சந்துகளில் இருமிக்கொண்டிருந்தவனுக்கு என்ன உண்டு? சித்தூர் ஜில்லாவில் மதனப்பள்ளிக்கு அருகே மிஷன்கள் சேர்ந்து 1915-ல் ஒரு சானடோரியம் தொடங்கியிருந்தன. சென்னை நகரத்துக்கு அருகே அப்படி ஓர் இடம் வேண்டும் என்று சௌரி முத்து விரும்பினார்.

இடம் தாம்பரத்தில் கிடைத்தது. பச்சைமலை அடிவாரத்தில் 250 ஏக்கர். அப்போது அது செங்கல்பட்டு ஜில்லாவின் ஒதுக்குப்புறம். சிறு பாறைக் குன்று, முட்புதர், பனைமரம், ஏரி. ஆனால் ரயில் பாதை பக்கத்திலேயே போயிற்று. கிழக்கே சில மைல் தூரத்தில் கடல். கோவளம், மாமல்லபுரம் வரை நீண்டு கிடக்கும் அந்தக் கரையிலிருந்து பிற்பகலில் கடற்காற்று எழும்பி உள்நாட்டுக்குள் வரும். சித்திரை வெயிலில் வெந்தவர்களுக்கு அந்தக் காற்றின் அருமை தெரியும்.

1928 ஏப்ரலில் சானடோரியம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு படுக்கைகள்! இருநூற்றைம்பது ஏக்கருக்குப் பன்னிரண்டு படுக்கைகள் என்றால் சிரிப்பு வரலாம். இடத்தைப் பார்த்தால் அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பது தெரியும். படுக்கையைப் பார்த்தால் கையில் எவ்வளவு இருந்தது என்பது தெரியும். மற்ற டாக்டர்கள் ஓய்வு பெற்று மாடியில் சாய்வு நாற்காலி போட்டுக்கொள்ளும் வயதில் அவர் இதைத் தொடங்கினார். 1931-ல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நோயாளிகள் வருவதும் உறவினர் பார்த்துவிட்டுத் திரும்புவதும் சுலபமாயிற்று.

தனி மனிதர் சுமக்கக்கூடிய பாரமல்ல அது. சானடோரியத்தில் ஒரு நோயாளி பத்து நாளில் குணமாகிப் போவதில்லை. மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் தங்குவார். அத்தனை நாளும் பாலும் முட்டையும் சோறும் போட வேண்டும். யாருக்கு இந்தச் சிகிச்சை அதிகம் தேவையோ அவனிடம் காசு இல்லை. 1937-ல் சென்னை மாகாண அரசாங்கம் சானடோரியத்தை ஏற்றுக்கொண்டது. மூன்று வருஷம் கழித்து, 1940-ல், டாக்டர் சௌரி முத்து காலமானார்.

இன்னும் மூன்று வருஷம் இருந்திருந்தால், தம் வாழ்நாள் முழுதும் கிடைக்காமலிருந்த அந்தப் பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். 1943-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. க்ஷயக் கிருமியைக் கொல்லும் முதல் மருந்து!

சென்னை கண்ட கணக்கு

பிறகு நடந்தது சானடோரியங்களுக்கே சோதனை. 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் கூடி நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமை. கேட்ட கேள்வி எளியது. இப்போது மாத்திரை வந்துவிட்டது. அதைச் சானடோரியத்தில் தங்கிச் சாப்பிட்டால்தான் குணமா? வீட்டிலிருந்தே சாப்பிட்டால் ஆகாதா?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி தங்கள் குடிசைக்கே. மாத்திரை இரு சாராருக்கும் ஒன்றுதான்; ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் பழைய நெருக்கடியிலேயே பழைய ஆகாரத்தைச் சாப்பிட்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்! வீட்டிலுள்ளவர்களுக்கு நோய் தொற்றியதிலும் வித்தியாசமில்லை. காற்றுக்காகக் குன்று ஏறிய காலம் அத்துடன் முடிந்தது. உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மாத்திரை மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தால் ஏழையின் குடிசையே ஆஸ்பத்திரியாகிவிடும் என்று தெரிந்தது. சௌரி முத்து கடைசிவரை கவலைப்பட்ட காசில்லாத நோயாளிக்கு அவருடைய முறையால் கிடைக்காத விமோசனம், அவருடைய முறையைத் தள்ளிவிட்டதனால் கிடைத்தது.

தடுப்பதில் மட்டும் அவ்வளவு எளிதாக வெற்றி கிட்டவில்லை. 1968-ல் அந்நாளைய செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பி.ஸி.ஜி. தடுப்பூசிக்கு மாபெரும் பரீட்சை தொடங்கியது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டு வருஷக் கணக்கில் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை என்பது முடிவு. குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைகளைத் தடுப்பதற்காக அந்த ஊசி இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது.

மாத்திரையால் தீராத மார்புச் சளி

அப்படியானால் சௌரி முத்து செய்த காவல் வேலை எல்லாம் வீண்தானா? க்ஷயத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் நுரையீரலுக்கு க்ஷயம் ஒன்றே எதிரி அல்ல.

அவர் காலமாவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1938-ல், நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் டாக்டர், இறந்துபோன குழந்தைகளின் உறுப்புகளைச் சோதித்து ஒரு புது நோயை அடையாளம் காட்டினார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று அதற்குப் பெயர். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுள்ள ஒரே மரபணு வந்து சேர்ந்தால் குழந்தைக்கு அது பிறவியிலேயே இருக்கும். தேகத்தில் உப்பும் நீரும் போய்வரும் வழி கெடுகிறது. மூச்சுக்குழாயிலுள்ள சளி பசை போலக் கெட்டியாகிறது. கணையத்தின் குழாயும் அடைத்துக்கொள்வதால் தின்ற சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. 1948-ல் நியூயார்க்கில் கடும் வெப்பம் அடித்தபோது இந்தக் குழந்தைகள் சோர்ந்து விழுந்தார்கள். டி சான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் அதைத் துருவிப் பார்த்து, இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-ல் காட்டினார். இன்றும் வியர்வையைச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்கிறார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1968-ல் சண்டிகார் டாக்டர்கள் ஓர் இந்தியக் குழந்தைக்கு அது இருந்ததை எழுதினார்கள். இப்போது தில்லி எய்ம்ஸிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை நடக்கிறது. ஓயாத இருமல், எடை ஏறாத உடம்பு என்றதும் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது க்ஷயம். ஆகவே இந்தக் குழந்தைகளில் சிலர் இல்லாத க்ஷயத்துக்கு மாதக் கணக்கில் மருந்து தின்ற பிறகே சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். ராமானுஜன் கதைதான்!

இந்த நோயும் அடங்கி அடங்கித் தலைதூக்குகிறது. கெட்டிச் சளியில் கிருமிகள் குடியேறுகின்றன. முக்கியமாக சூடோமோனாஸ் என்ற பிடிவாதக்காரக் கிருமி. திடீரென்று ஒரு வாரம் இருமல் கூடும். சளி அதிகமாகும், நிறம் மாறும். பசி போகும். எடை குறையும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மெண்டிப் குன்றில் சாயங்காலம் கேட்ட கேள்விகள் இதே கேள்விகள்தான் அல்லவா? வித்தியாசம் என்னவென்றால் இன்று பதில் தெரிந்ததும் டாக்டர் கையில் மருந்து இருக்கிறது. சளியைச் சோதித்து, கிருமிக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பெரிய அளவில் கொடுக்கிறார்கள். கடுமையாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து, நரம்பு வழியே, ஏறக்குறைய இரண்டு வாரம்.

அப்படிக் கொடுத்தும் முழுப் பலன் எப்போதும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிப்படி, இத்தகைய தாக்குதலுக்கு நரம்பு வழி மருந்து பெற்றவர்களில் நாலில் ஒருவருக்கு நுரையீரல் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே வந்தபின் அடிப்பதைவிட வராமல் காப்பது பெரிது. காவல் வேலை மறுபடி வந்துவிட்டது!

தினம் காலையும் மாலையும் மார்புச் சளியை வெளியேற்ற வேண்டும். முதுகிலும் விலாவிலும் உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவது, மூச்சை இழுத்து வாய் திறந்து ஊதி வெளியேற்றுவது என்று பல முறைகள் உண்டு. அம்மாக்கள் கற்றுக்கொண்டு வீட்டில் செய்கிறார்கள். ஓடி விளையாட வேண்டும். நெய்யும் எண்ணெயும் சேர்த்த ஆகாரம், அதைச் செரிக்க வைக்கும் என்சைம் மாத்திரை. நம்மூர் கோடையில் வியர்வையோடு உப்பு போய்விடும்; அதற்கு டாக்டர் சொல்லும் அளவில் உப்பு சேர்க்க வேண்டும். வேளாவேளைக்குத் தடுப்பூசி. கிருமி நிலைத்துவிட்டவர்களுக்கு உள்ளிழுக்கும் டோப்ராமைசின்.

இதில் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் இந்த நோயுள்ள இளைஞர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். உப்பு நீர்த் திவலையைச் சுவாசிப்பதால் சளி இளகுகிறதோ என்று சந்தேகம். 164 நோயாளிகளை வைத்துப் பரீட்சை செய்தார்கள். ஒரு சாராருக்கு 7 சதவிகித உப்பு நீரை ஆவித் திவலையாக்கி தினம் இரண்டு தடவை, 48 வாரம் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வந்தது. அவர்களுக்கு நோய் தலைதூக்கியது மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவு! கோவளத்து இளைஞர்களும் இப்போது அலைச்சறுக்கு விளையாடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கேளம்பாக்கத்து உப்பளம். அதற்காகக் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து காய்ச்சி முகர்ந்து பார்க்க யாரும் முயல வேண்டாம். கிருமி நீக்கிய உப்பு நீரை டாக்டர் சொற்படிதான் பயன்படுத்த வேண்டும். சிலருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சானடோரியத்துக்கு நேர் எதிரான முறை. அங்கே ஒரே நோயுள்ளவர்களை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கவே கூடாது. ஒருவர் நுரையீரலில் உள்ள கொடிய கிருமி மற்றவருக்குத் தாவிவிடும். மேல்நாடுகளில் இக்குழந்தைகளுக்காகக் கோடை முகாம்கள் நடத்தி வந்தார்கள். 1990-களில் அவற்றை நிறுத்தினார்கள். தன் வேதனையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே சிநேகிதனைக் கூட எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும் என்றால், அது எவ்வளவு பெரிய தனிமை!

மரபணுப் பழுதின் விளைவைச் சரிக்கட்டும் மருந்துகள் 2012 முதல் வந்திருக்கின்றன. 2019-ல் வந்த மூன்று மருந்துக் கூட்டு பலருடைய வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. விலைதான் நம்மவர் எட்ட முடியாத உயரம். காசில்லாத நோயாளிக்கு என்ன உண்டு என்ற பழைய கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

தமிழ்நாட்டில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அரிது. ஆனால் க்ஷயம் குணமாகியும் தழும்பு விழுந்து, மூச்சுக்குழாய் விரிந்து, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சளியும் ஜுரமுமாகப் படுக்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கும் தினம் சளியை வெளியேற்றுவதும், எடையைக் கவனிப்பதும், நிறம் மாறியதுமே டாக்டரிடம் போவதும்தான் வழி.

பச்சைமலை அடிவாரம் மூடப்படவில்லை. க்ஷயத்துக்கென்று ஏற்பட்ட இடம் மற்ற நெஞ்சு நோய்களுக்கும் கதவைத் திறந்தது. 1993-ல், எய்ட்ஸ் நோயாளி என்றால் பல ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், இங்கே அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலரைக் கொன்றதும் க்ஷயமே. 2004-ல் இந்திய அரசாங்கம் அந்நோய்க்கு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த எட்டு இடங்களில் தாம்பரமும் ஒன்று.

1986-ல் அதன் பெயரை மாற்றினார்கள். அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை என்பது இன்றைய பெயர். கடிதம் எழுதுகிறவர்கள் அதற்குக் கீழே தாம்பரம் சானடோரியம், சென்னை-47 என்று இன்னமும் எழுதுகிறார்கள்.